ஒரே வன்தட்டில் இரண்டு இயங்குதளங்கள்: வட்டுப் பிரிவினையின் வரலாறு

ஒரு கணினியின் வன்தட்டைப் பிரித்து, ஒரு பகுதியில் விண்டோஸையும் மற்றொரு பகுதியில் லினக்ஸையும் நிறுவிக்கொள்வதை இரட்டைத் துவக்கம் என்பர். இது லினக்ஸ் ஆர்வலர்கள் பிற்காலத்தில் கண்டுபிடித்த உத்தி என்றே மாணவர்கள் பலர் எண்ணுகின்றனர். ஆனால் லினக்ஸ் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே அதற்கான இடம் வன்தட்டில் ஒதுக்கப்பட்டிருந்தது.

1983 மார்ச்சில் ஐபிஎம் நிறுவனம் பிசி எக்ஸ்டி என்னும் கணினியை வெளியிட்டது. அதில் 10 மெகாபைட் வன்தட்டு இருந்தது. அதனுடன் வந்த டாஸ் 2.0, வன்தட்டின் முதல் துண்டான 512 பைட்டுகளை மூன்றாகப் பங்கிட்டது. முதல் 446 பைட்டுகள் கணினியைத் துவக்கும் சிறு நிரலுக்கு; அடுத்த 64 பைட்டுகள் பிரிவு அட்டவணைக்கு; கடைசி இரண்டு பைட்டுகள் அடையாளக் குறிக்கு. அட்டவணையில் நான்கு வரிகள், வரிக்கு 16 பைட்டுகள். பிரிவு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை, துவக்கத்துக்கு உரியதா என்பவையே ஒவ்வொரு வரியிலும் உள்ள செய்திகள். அன்று டாஸுக்குப் போட்டியாக சிபி/எம்-86 போன்ற இயங்குதளங்களும் இருந்ததால், ஒரே தட்டில் பல இயங்குதளங்கள் குடியிருக்கலாம் என்று கருதியே நான்கு வரிகள் வைக்கப்பட்டன.

இந்த அட்டவணையை நிலத்தின் பட்டாவோடு ஒப்பிடலாம். தட்டின் மேல் வேலி எதுவும் கிடையாது. எல்லை ஏட்டில் மட்டுமே இருக்கிறது. ஏட்டில் ஒரு வரி அழிந்தால் பயிர் அப்படியே நிற்கும், ஆனால் அது யாருடையது என்று சொல்ல முடியாது. அட்டவணை பழுதான தட்டுகளிலிருந்து கோப்புகளைப் பல நேரங்களில் மீட்க முடிவது இதனால்தான். புதிய கோப்புகளை மேலே எழுதிவிட்டால் மீட்பும் இல்லை.

லினக்ஸின் தொடக்கமே ஒரு பிரிவு அழிந்த கதையோடு சேர்ந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்தபோது, தம் 386 கணினியில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை வைத்துக்கொண்டுதான் லினக்ஸை எழுதினார். பல்கலைக்கழகக் கணினியோடு தொலைபேசி வழியே இணைய முயன்ற ஒருநாள், மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைத் தவறுதலாக வன்தட்டுக்கு அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பிரிவின் முக்கியமான பகுதி அதனால் அழிந்தது. மினிக்ஸை மீண்டும் நிறுவலாமா என்று யோசித்தவர், லினக்ஸே இனிப் போதும் என்று முடிவு செய்தார்.

எல்லாருக்கும் விபத்து இப்படி நன்மையில் முடியவில்லை. 1990-களில் கடையில் வாங்கிய கணினியில் தட்டு முழுவதும் ஒரே பிரிவாக டாஸுக்கோ விண்டோஸுக்கோ எழுதப்பட்டிருக்கும். அதைச் சுருக்க வழியில்லை. கோப்புகளை நெகிழ்தட்டுகளில் படியெடுத்து, பிரிவை அழித்து, சிறிதாக்கி, எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டும். 200 மெகாபைட் தட்டு நிறைந்திருந்தால் ஏறத்தாழ 140 நெகிழ்தட்டுகள் தேவை! ஆர்னோ ஷேஃபர் எழுதிய ஃபிப்ஸ் என்னும் சிறு நிரல் இந்தத் துன்பத்தைப் பெரிதும் குறைத்தது. சிதறிக் கிடக்கும் கோப்புகளை முதலில் வேறொரு நிரலால் முன்பக்கம் ஒதுக்கிவிட வேண்டும். பின்பு ஃபிப்ஸ் ஒரு கோப்பையும் தொடாமல் எல்லைக் கணக்கை மட்டும் திருத்தி எழுதும்.

அடுத்த தடை எண்ணிக்கையில் வந்தது. பழைய பயாஸ், தட்டின் உருளை எண்ணைக் குறிக்கப் பத்து பிட்டுகளையே வைத்திருந்தது; ஆகவே 1,024 உருளைகளுக்கு அப்பால் அதற்குக் கண் தெரியாது. லினக்ஸின் கருநிரல் அந்த எல்லையைத் தாண்டி அமைந்துவிட்டால், லைலோ என்னும் துவக்கி அதை எடுக்க முடியாமல் பாதியில் நின்றுவிடும். துவக்கக் கோப்புகளுக்கென்று தட்டின் முன்பகுதியில் ஒரு சிறு பிரிவு வைக்கும் வழக்கம் இதனால் பரவியது. காரணம் மறைந்த பின்னும் வழக்கம் நெடுநாள் நீடித்தது.

விண்டோஸை மறுபடி நிறுவினால், அது முதல் 446 பைட்டுகளில் தன் நிரலையே எழுதிக்கொள்ளும். அங்கிருந்த லைலோவோ, பின்னர் வந்த கிரப்போ, கேட்பாரின்றிப் போய்விடும். லினக்ஸ் தட்டில் பத்திரமாகவே இருக்கும், அதற்குள் நுழையும் வாசல்தான் இராது. தவறு ஒரு பக்கம் மட்டும் அன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் கணினி அறையில், லினக்ஸ் நிறுவும்போது "முழுத் தட்டையும் பயன்படுத்து" என்பதைப் படிக்காமல் அழுத்தியதால் ஒரு பருவத்தின் மதிப்பெண் பட்டியல்கள் போயின. அழுத்தியவர் மாணவர் அல்லர், அடியேன்தான்.

விண்டோஸ் எக்ஸ்பி வந்தபின் என்டிஎஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை வீட்டுக் கணினிகளில் பரவியது. ஃபிப்ஸால் அதைப் படிக்க இயலாது. என்டிஎஃப்எஸ் பிரிவின் அளவை மாற்றும் கட்டற்ற கருவி லினக்ஸ் தரப்பிலேயே உருவானது. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் பிரிவைச் சுருக்கும் வசதியை மைக்ரோசாஃப்ட் சேர்த்தது. இரட்டைத் துவக்கம் ஆர்வலர் வட்டத்தைத் தாண்டியதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து நிறுவப்பட்டிருந்தது.

64 பைட் அட்டவணையால் சுமார் 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்க இயலாது. அதன் இடத்துக்கு வந்த ஜிபிடி அட்டவணையில் வழக்கமாக 128 பிரிவுகளுக்கு இடம் உண்டு. தட்டின் கடைசியில் அதற்கொரு நகலும் இருக்கும். பயாஸுக்குப் பதில் வந்த யுஇஎஃப்ஐ, ஒவ்வொரு இயங்குதளத்தின் துவக்கிக்கும் தனிக் கோப்புறை கொடுத்தது. 446 பைட்டுகளுக்கான சண்டை பெருமளவு ஓய்ந்தது.

2012-இல் விண்டோஸ் 8 வேறு இரண்டு சிக்கல்களைக் கொண்டுவந்தது. ஒன்று, கையொப்பமிட்ட துவக்கியை மட்டும் அனுமதிக்கும் பாதுகாப்புத் துவக்கம். மைக்ரோசாஃப்ட்டின் கையொப்பம் பெற்ற ஷிம் என்னும் சிறு நிரல் மூலம் பெரிய லினக்ஸ் வெளியீடுகள் இதைக் கடந்தன. மற்றொன்று விரைவுத் துவக்கம். கணினியை அணைத்தாலும் விண்டோஸ் முழுதாக அணையாமல் அரைத்தூக்கத்தில் தன் பிரிவைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்நிலையில் லினக்ஸிலிருந்து அப்பிரிவில் எழுதினால் கோப்புகள் பழுதாகலாம். ஆகவே பிரிவினையைத் தொடுமுன் இந்த வசதியை நிறுத்திவிட்டு, விண்டோஸை ஒருமுறை முழுமையாக அணைக்க வேண்டும்.