நுகத்தடி காணாத காளை

சிறு வயதில் ஒரு முறை மாமாவோடு மணப்பாறைச் சந்தைக்கு மாடு பிடிக்கப் போயிருந்தேன். மாமா மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், சுழி பார்த்தார், கடைசியாகக் கழுத்தைத் தடவிப் பார்த்தார். நுகத்தடி உராய்ந்து காய்த்துப்போன இடம் கைக்குத் தட்டுப்பட்டால்தான் அவருக்குத் திருப்தி. அன்று ஒரு தரகர், எண்ணெய் பூசியது போல் மினுமினுத்த ஒரு காளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். "நுகத்தடியே காணாத காளை, சாமி! தொட்டுப் பாருங்க, ஒரு தழும்பு இருக்குதா?" என்றார். மாமா தொட்டுப் பார்த்தார். "அழகாத்தான் இருக்கு. ஆனா உழுமா உழாதான்னு அதுக்கே இன்னும் தெரியாதே! எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு அடுத்த மாட்டிடம் போய்விட்டார்.

இந்தப் பழங்கதை என் நினைவுக்கு வந்ததற்குக் காரணம் ஒரு மோட்டார் கார். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அமெரிக்காவில் கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள பெப்பிள் பீச்சில் ஒரு கார் ஏலத்துக்கு வந்தது. மக்லாரன் எஃப்-1 என்பது அதன் பெயர். 1995-ஆம் ஆண்டுக் கார். ஜப்பானியர் ஒருவர் அதைப் புதிதாக வாங்கினார். இருபத்தாறு ஆண்டுகளில் அது ஓடியிருந்த தூரம் 242 மைல். அதாவது 390 கிலோமீட்டர். சென்னையில் புறப்பட்டால் திருச்சியைத் தாண்டலாம். மதுரை போய்ச் சேர முடியாது. ஏலத்தில் அந்தக் கார் 2 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. ஓடிய தூரத்தால் வகுத்துப் பார்த்தேன். மைல் ஒன்றுக்கு ஏறக்குறைய 84,500 டாலர் வந்தது. மாமா இருந்திருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பணக்காரர்களின் பைத்தியக்காரத்தனம் என்று சொல்லி இதைத் தள்ளிவிடலாம். ஆனால் இந்தப் பைத்தியத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அது அப்படியொன்றும் பழைய சரித்திரமல்ல. அறுபது ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு காலத்தில், ஓடிக் களைத்த பந்தயக் காரை ஓட்டை உடைசலாகவே உலகம் மதித்தது.

1962-ஆம் ஆண்டு இத்தாலி நாட்டு மாரனெல்லோ என்ற ஊரில் என்ஸோ ஃபெராரி 250 ஜி.டி.ஓ. என்ற காரை வெளியிட்டார். அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குப் பொருள், பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்றது என்பது. அந்த அங்கீகாரம் கிடைத்த விதமே வேடிக்கை. குறிப்பிட்ட பந்தயப் பிரிவில் கலந்துகொள்ள நூறு கார்களாவது செய்திருக்க வேண்டும் என்பது விதி. ஃபெராரி, "இது புதுக் காரே அல்ல, முன்பு செய்த காருக்குப் புதுச் சட்டை போட்டிருக்கிறேன்" என்கிற மாதிரி வாதாடி அங்கீகாரம் வாங்கிவிட்டார். உண்மையில் அவர் செய்தவை 36 கார்களே. சற்று மாறுபட்ட எஞ்சின் வைத்த சிலவற்றையும் சேர்த்தால் 39. பன்னிரண்டு சிலிண்டர், மூன்று லிட்டர் எஞ்சின், சுமார் 300 குதிரைச் சக்தி. 1962, 63, 64 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்தப் பிரிவின் உலகப் பட்டம் ஃபெராரிக்கே கிடைத்தது. அமெரிக்காவில் புதுக்காரின் விலை சுமார் 18,000 டாலர். பணம் இருந்தால் மட்டும் போதாது. வாங்குகிறவர் யார் என்று பார்த்து ஃபெராரியே தலையசைக்க வேண்டும்.

பிறகு என்ன ஆயிற்று? பந்தய உலகில் மூன்று வருஷம் என்பது ஒரு யுகம். எஞ்சினை நடுவில் வைத்த புதுக் கார்கள் வந்தன, ஜி.டி.ஓ. பழசாகிவிட்டது. பழைய பந்தயக் காரை வீட்டில் வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? பெரிய சத்தம், உள்ளே சூடு, பெட்டி வைக்க இடமில்லை. ஒரு ஜி.டி.ஓ.வை அதன் சொந்தக்காரர் டெக்ஸாஸ் மாநிலத்து விக்டோரியா என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்துவிட்டார். மோட்டார் வேலை கற்கும் பையன்கள் கழற்றி மாட்டிப் பழகுவதற்காக! 1972-இல் பள்ளிக்கூடம் அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவரும் அதை மாளிகையில் வைத்துப் பூஜிக்கவில்லை. ஒஹையோ மாநிலத்தில் ஒரு வெட்டவெளியில், இழுவண்டியின்மேல் அது பல ஆண்டுகள் மழையிலும் பனியிலும் கிடந்தது.

அந்தப் பையன்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கை நிறையக் கிரீஸ் பூசிக்கொண்டு அந்தக் காரைத் தொட்டவர்கள் அவர்கள். பின்னால் கோடி கொடுத்து வாங்கியவர்களைவிட அவர்களே அதை நன்றாக அறிந்திருப்பார்கள்.

1988-ஆம் ஆண்டு ஆகஸ்டு 14-ஆம் தேதி என்ஸோ ஃபெராரி காலமானார். 'இனி அந்தக் கையால் கார் பிறக்காது' என்ற எண்ணம் சந்தையில் தீயாய்ப் பரவிற்று. அது வேறு பங்கு மார்க்கெட்டும் நிலமும் ஏறிக்கொண்டிருந்த காலம். இரண்டு வருஷத்துக்குள் ஜி.டி.ஓ.வின் விலை ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. 1987-இல் வெளிவந்த எஃப்-40, ஃபெராரி தம் வாழ்நாளில் ஒப்புக்கொண்டு வெளியிட்ட கடைசிக் கார். சுமார் 400 செய்வதாகத் தொடங்கி, கேட்பவர் கூட்டத்தைப் பார்த்து 1,300-க்கு மேல் செய்தார்கள். அதை வாங்கிய பலர் ஓட்டுவதற்காக வாங்கவில்லை. வரிசையில் நின்று வாங்கி, வந்த சூட்டோடு கைமாற்றி, லாபத்தை மடியில் கட்டிக்கொண்டார்கள். 'அதிகம் ஓடாதது' என்ற சொல் ஒரு மந்திரமாக ஆனது இந்தக் காலத்தில்தான். முன்பெல்லாம் விளம்பரத்தில் கார் வென்ற பந்தயங்களைச் சொல்வார்கள். இப்போது மீட்டரில் உள்ள எண்ணைச் சொன்னார்கள்.

இந்த ஜுரத்தில்தான் இங்கிலாந்தின் ஜாகுவார் கம்பெனியும் இறங்கிற்று. 1988-இல் பர்மிங்ஹாம் கண்காட்சியில் எக்ஸ்.ஜே. 220 என்ற மாதிரிக் காரைக் காட்டினார்கள். பன்னிரண்டு சிலிண்டர், நான்கு சக்கரங்களுக்கும் விசை. 350 கார்கள் மட்டுமே, முன்பணம் 50,000 பவுண்டு என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். இடங்கள் பறந்தன. 1992-இல் கார் கைக்கு வரும்போது அதில் ஆறு சிலிண்டரே இருந்தது. பின் சக்கரங்களுக்கு மட்டுமே விசை. அதற்குள் பொருளாதார மந்தம் வந்து விலைகளெல்லாம் சரிந்துவிட்டன. வாங்க ஒப்புக்கொண்டவர்களில் பலர், "பேசினது பன்னிரண்டு, கொடுப்பது ஆறா?" என்று பின்வாங்கினார்கள். விவகாரம் நீதிமன்றம் வரை போயிற்று; கம்பெனியின் பக்கமே தீர்ப்பாயிற்று. அவர்கள் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் விலை ஏறிக்கொண்டே போயிருந்தால், எத்தனை பேர் சிலிண்டரை எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

ஜி.டி.ஓ.வும் தப்பவில்லை. 1990-களின் நடுவில் அதன் விலை உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கிவிட்டது. கார் அதே கார்தான்.

சந்தை இப்படி வெந்து தணிந்திருந்த சமயத்தில்தான் மக்லாரன் எஃப்-1 பிறந்தது. அதை உருவாக்கிய கார்டன் மர்ரே தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் பிறந்தவர். 1988-ஆம் ஆண்டுப் பந்தயங்கள் 16-இல் 15-ஐ மக்லாரன் அணி வென்றது. இத்தாலியில் நடந்த அந்த ஒன்றில் மட்டும் தோற்றது. தோற்றுத் திரும்பும் வழியில், மிலான் நகர விமான நிலையத்தில் காத்திருந்த நேரத்தில்தான் இந்தக் காரைப் பற்றிய பேச்சு எழுந்தது. உலகத்திலேயே ஓட்டுவதற்கு மிகச் சிறந்த காரைச் செய்வது என்று முடிவாயிற்று. 'ஓட்டுவதற்கு' என்ற சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஓட்டுகிறவரின் ஆசனத்தை நடுவில் வைத்தார் மர்ரே. பயணிகளுக்கு இரு பக்கமும் சற்றுப் பின்தள்ளி இடம். உடல் முழுவதும் கரியிழை. பி.எம்.டபிள்யூ. கம்பெனியின் பால் ரோஷே அதற்கென்றே செய்து தந்த பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின், 627 குதிரைச் சக்தி. அதன் வெப்பம் கரியிழையைத் தாக்காமலிருக்க, எஞ்சின் அறைக்குத் தங்கத் தகடு ஒட்டினார்கள். டாம்பீகத்துக்காக அல்ல, வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதில் தங்கத்துக்கு இணை குறைவு.

1992-இல் மோனாக்கோவில் காரை அறிமுகம் செய்தார்கள். விலை 540,000 பவுண்டு. 300 செய்ய எண்ணியிருந்தார்கள். வாங்க ஆளில்லாமல் 1998-இல் 106-உடன் நிறுத்திக்கொண்டார்கள். அதே 1998-இல் மணிக்கு 240 மைல் வேகம் போய் உலக சாதனை செய்தது அது. அதற்கு முன்பே 1995-இல், சாலைக்கென்று செய்த அந்தக் காரைப் பந்தயத்துக்கு மாற்றி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையும் வென்றிருந்தார்கள். இவ்வளவு இருந்தும் வாங்க ஆளில்லை!

வாங்கிய சிலரில் இரண்டு பேரை இங்கே பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறேன். ஒருவர், நாம் முதலில் பார்த்த ஜப்பானியர். மற்றவர் 'மிஸ்டர் பீன்' ஆக நம்மையெல்லாம் சிரிக்க வைத்த ரோவன் அட்கின்ஸன். அட்கின்ஸன் 1997-இல் வாங்கினார், வாங்கி ஓட்டினார். 1999-இல் ஒரு சிறு காரின் பின்னால் போய் மோதினார். 2011-இல் சாலையை விட்டு விலகி மரத்தில் மோதி, கார் தீப்பிடித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனி 910,000 பவுண்டு கொடுத்துப் பழுது பார்த்தது; வேலை ஒரு வருஷத்துக்கு மேல் நடந்தது. காரைப் பூட்டி வைக்க இதைவிட நல்ல காரணம் ஒருவருக்கு வேண்டாம். அவரோ பிறகும் ஓட்டினார். 2015-இல் அவர் அதை விற்றபோது மீட்டரில் 41,000 மைல். விலை 80 லட்சம் பவுண்டு. காப்பாற்றிய செலவையெல்லாம் ஒதுக்கிவிட்டுக் கணக்குப் பார்த்தால், ஓட்டிய ஒவ்வொரு மைலுக்கும் சுமார் 180 பவுண்டு லாபம்!

ஓட்டாமல் வைத்தால் கார் புதுசாகவே இருக்கும் என்பதும் ஒரு மயக்கமே. ரப்பர் இறுகும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையங்கள் உலரும், பெட்ரோல் கெடும். மக்லாரன் எஃப்-1-இன் பெட்ரோல் பை ஒரு மைல் ஓடாவிட்டாலும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றப்பட வேண்டும். அதற்கு எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். சும்மா இருப்பதற்கும் தேய்மானம் உண்டு.

கலிபோர்னியாவில் 2018 ஆகஸ்டில் இன்னோர் ஏலம் நடந்தது. 1962-இல் இத்தாலிய நாட்டுப் பட்டத்தை வென்ற ஒரு ஜி.டி.ஓ. அங்கே விலைக்கு வந்தது. பந்தயத்துக்குப் பந்தயம் அடிபட்டு ஓடிய கார். அதற்குக் கிடைத்தது 4 கோடியே 84 லட்சம் டாலர். ஓடாத மக்லாரனைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! காய்த்துப்போன கழுத்துக்கும் சந்தையில் மதிப்பு உண்டு என்று தெரிந்தபோது, மாமாவின் சார்பில் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

ஆனால் ஆறுதல் அதிக நேரம் நிலைக்கவில்லை. காரணம், நான் கதை எழுதுகிறவன். பழைய புத்தகங்களைச் சேகரிக்கும் நண்பர் ஒருவர், ஓரம் வெட்டாமல், பக்கம் பிரிக்காமல் அப்படியே இருக்கும் முதல் பதிப்புகளுக்குத்தான் கிராக்கி அதிகம் என்று ஒரு முறை சொன்னார். யாரும் படிக்காத பிரதிக்கு! மர்ரே ஓட்டுகிறவருக்காக நடுவில் வைத்த அந்த ஆசனத்தில் இருபத்தாறு ஆண்டுகளில் எத்தனை மணி நேரம் ஆள் உட்கார்ந்திருப்பார்கள்? 242 மைலுக்குச் சாதாரண வேகத்தில் ஐந்தாறு மணி நேரம் போதும்.

என் புத்தகம் ஒன்றை யாராவது பிரிக்காமல் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பேரனுக்குப் பேரன் காலத்தில் லட்சத்துக்கு விற்கலாம். அட்டை கிழிந்து, காப்பிக் கறை பட்டு, இரவல் போய்த் திரும்பாமலும் போகலாம். எது வேண்டும் என்று கேட்டால் நான் யோசிக்க மாட்டேன். மர்ரேயைக் கேட்டால் அவரும் யோசிக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

மாமா அன்று வாங்கிய மாடு அழகில்லாதது. வலது கொம்பு சற்று வளைந்திருக்கும். பன்னிரண்டு வருஷம் எங்கள் நிலத்தை உழுதது.