கூட்டுக்குள் வேலையில்லாமல் இருப்பவை: முயலுக்கும் கிளிக்கும் கொறிக்க எதைக் கொடுக்கலாம்?

முயல் சாப்பிட மறுக்கிறது என்று மிருக வைத்தியரிடம் கொண்டுபோகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பதில் ஒன்று உண்டு. முயலுக்குப் பசி இருக்கிறது, பல்தான் விடவில்லை. உணவை முகர்ந்து பார்க்கும், வாயில் எடுக்கும், பிறகு கீழே போட்டுவிடும். நாடிப் பக்கம் எச்சில் வடிந்து ஈரமாக இருக்கும். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் கூர்முனையாக வளர்ந்து நாக்கையோ கன்னத்தின் உட்புறத்தையோ கிழித்திருக்கும்.

கூட்டுக் கிளியின் துன்பம் வேறு விதமானது. தன் நெஞ்சு இறகுகளைத் தானே பிடுங்கும், ஒரே கம்பியை நாள் முழுவதும் கடிக்கும், காரணமின்றிக் கத்தும். இவற்றுக்கு நோய்களும் காரணமாகலாம் என்பதால் முதலில் வைத்தியரிடம் காட்டுவதே முறை. ஆனால் நோய் எதுவும் இல்லையென்றான பின்னர் எஞ்சி நிற்கும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த அலகுக்கு வேலையில்லை.

காட்டில் ஒரு முயலும் கிளியும் உணவைத் தேடவும் கடிக்கவும் உரிக்கவும் நாளில் பல மணி நேரத்தைச் செலவிடுகின்றன. கூட்டுக்குள் நாம் வைக்கும் பாத்திரம் அந்த வேலையை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. மிச்ச நேரத்தை அந்த உயிர் என்ன செய்யும்? அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கும் வழிகளையே இக்கட்டுரை தொகுக்கிறது. தேவையான பொருட்களில் பெரும்பகுதி நம் வளவுக்குள்ளேயே கிடைக்கின்றன.

வளர்ந்துகொண்டே இருக்கும் பல்

முயலுக்கு 28 பற்கள். முன்பற்களும் கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் கிழமைக்கு ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீற்றர் வளரும். கினிப்பன்றியின் 20 பற்களும் இவ்வாறே வளர்கின்றன. ஹம்ஸ்டர், வெள்ளெலி போன்றவற்றுக்கு 16 பற்கள். அவற்றில் முன்பற்கள் நான்கு மட்டுமே தொடர்ந்து வளரும்.

இந்த வேறுபாடு முக்கியமானது. மரக்குச்சியைக் கடிப்பதால் தேய்வது பெரும்பாலும் முன்பல். ஹம்ஸ்டருக்கு அது போதும். முயலுக்கும் கினிப்பன்றிக்கும் அது போதாது. அவற்றின் கடைவாய்ப் பற்கள் தேய வேண்டுமானால், தாடையைப் பக்கவாட்டில் அசைத்து நீண்ட நேரம் அரைக்கும் உணவு வேண்டும். அந்த உணவு புல். புல்லில் இயல்பாகவே உள்ள சிலிக்கா துணிக்கைகளும் நாரும் சேர்ந்து பல்லைத் தேய்க்கின்றன. முயலின் குடல் இயங்கிக்கொண்டே இருப்பதற்கும் அதே நார்தான் தேவை. ஆகவே முயலுக்கு மிகச் சிறந்த கொறிப்புப் பொருள் எது என்ற கேள்விக்கு முதல் விடை குச்சியல்ல, புல். நாளாந்த உணவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் அது இருக்க வேண்டும்.

காய்ந்த பாண் பல்லைத் தேய்க்கும் என்பது நம் வீடுகளில் நிலவும் தவறான நம்பிக்கை. பாண் எச்சிலில் உடனே ஊறிவிடும். பல்லுக்கு அதனால் பயனில்லை, அதன் மாச்சத்து குடலைக் குழப்பும். கரட்டும் அப்படித்தான். சீனிச்சத்து மிகுந்த அதை ஒரு சிறு துண்டு ஆசைக்குக் கொடுக்கலாம், உணவாகக் கொடுக்கக் கூடாது. தேன் பூசி விதை ஒட்டிய குச்சி, யோகட் உருண்டை என்று கடைகளில் விற்பவையும் முயலுக்கும் கினிப்பன்றிக்கும் உகந்தவையல்ல.

வளவில் கிடைப்பவை

புல்: அறுகம்புல்லும் கினிப்புல்லும் நல்லவை. வெட்டிய புல்லை இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தால் வீட்டிலேயே உலர்புல் தயார். பூஞ்சை மணம் வந்தால் எறிந்துவிட வேண்டும். புல்வெட்டும் இயந்திரம் நொறுக்கிய புல் விரைவில் புளித்துவிடும், அதைக் கொடுக்கக் கூடாது. வைக்கோலைக் கடிக்கக் கொடுக்கலாம். சத்துக் குறைவானதால் அதையே உணவாக நம்பியிருக்க முடியாது.

கிளைகள்: கொய்யா, மல்பெரி, செவ்வரத்தை ஆகியவற்றின் இளங்கிளைகளை இலையோடு கொடுக்கலாம். மூங்கில் துண்டும் நல்லது. முயல் முதலில் இலையை உண்ணும், பிறகு பட்டையை உரிக்கும், கடைசியில் தடியைக் கடிக்கும். ஒரே கிளையில் மூன்று வேலை.

இலைகள்: வாழையிலை, வற்றாளைக் கொடி, சோளப்பொத்தியின் மடல் ஆகியவை பாதுகாப்பானவை. முருங்கையிலையில் சத்து அதிகம், ஆனால் சுண்ணாம்புச் சத்தும் அதிகம். வளர்ந்த முயலின் சிறுநீரில் அது கழிவாகப் படியக்கூடும் என்பதால் கிழமையில் ஓரிரு நாள் ஒரு சிறு கொத்துப் போதும்.

கொய்யாப்பழம்: மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் விற்றமின் சி-யைத் தயாரிக்க முடியாது. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமாவது வேண்டும், சினைப்பட்ட காலத்தில் 30 வரை தேவைப்படலாம். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் உண்டு. ஒரு மெல்லிய துண்டே அன்றைய தேவையை ஈடுசெய்யும்.

தென்னையும் பனையும்: ஓலை, ஈர்க்கு, பொச்சு மட்டை, சிரட்டை எல்லாமே பயன்படும். சாயம் பூசாத பனையோலைக் குட்டான் நல்லதொரு தேடல் பெட்டி. பனங்கட்டி வைத்திருந்த குட்டானென்றால் சீனி போகக் கழுவிக் காயவைக்க வேண்டும். தும்புக் கயிற்றை நீளமாகத் தொங்கவிடக் கூடாது. பறவையின் காலில் சுற்றிக்கொள்ளும், விழுங்கினால் இரைப்பையில் அடைக்கும்.

கணவாய் ஓடு: மன்னார், யாழ்ப்பாணக் கடற்கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓடு பறவைகளுக்குச் சுண்ணாம்புச் சத்தும் அலகுக்கு வேலையும் தருவது. பொறுக்கி வந்ததை நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவிட்டு, தண்ணீரை நாளும் மாற்றி, உப்புப் போன பின் வெயிலில் காயவைக்க வேண்டும். முட்டையிடும் பெட்டைக்கு இது அவசியம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்றுண்டு. களைநாசினியோ பூச்சிமருந்தோ அடித்த தோட்டத்து ஓரத்திலிருந்தும், வாகனப் புகை படியும் வீதியோரத்திலிருந்தும் எதையும் பறிக்கக் கூடாது.

கொடுக்கக் கூடாதவை

ஆடு தின்கிறதே, முயலும் தின்னும் என்று எண்ணுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது. வேலிகளில் நிற்கும் கிளிரிசிடியா, அதாவது சீமைக்கிளுவை, நல்ல உதாரணம். அசைபோடும் மாடும் ஆடும் அதைச் சமாளிக்கும். கொறிவிலங்குகளுக்கு அது நஞ்சு. கிளிரிசிடியா என்ற அதன் இலத்தீன் பெயரே எலிகொல்லி என்ற பொருளில் வந்தது. முயலுக்கும் அதைத் தவிர்ப்பதே நல்லது. இபில்-இபில் இலையில் உள்ள மிமோசின் என்ற பொருள் முயலின் மயிரை உதிரச் செய்யும். பச்சை மரவள்ளியிலையிலிருந்து சயனைட் உண்டாகும். உருளைக்கிழங்கு, தக்காளிச் செடிகளின் இலைகளும் ஆகாது.

அலரி, மஞ்சள் அலரி, எருக்கலை, ஊமத்தை, ஆமணக்கு, குரோட்டன் ஆகியவற்றின் இலையோ தடியோ எந்தக் கூட்டுக்குள்ளும் போகக் கூடாது. அலரித் தடி நேராக, அழகாக இருப்பதால் பறவைக்கு இருக்கைக் கொம்பாக வைத்துவிடக் கூடும். அதைக் கடித்தாலே இதயம் பாதிக்கப்படும். அவகாடோ பறவைக்கும் முயலுக்கும் நஞ்சு. சொக்லேட், கோப்பி, வெங்காயம், உப்புப் பண்டம் ஆகியவற்றை எந்தச் செல்லப்பிராணிக்கும் கொடுக்கக் கூடாது. துத்தநாகம் பூசிய கம்பியையும் ஈயம் கலந்த பழைய வர்ணத்தையும் கொறிக்கும் பறவைக்கு உலோக நஞ்சேறும்.

உழைத்து உண்ணும் விருப்பம்

பாத்திரத்தில் இலவசமாக உணவு இருக்கும்போது ஒரு விலங்கு ஏன் தேடி உண்ண வேண்டும்? 1963இல் கிளென் ஜென்சன் என்ற உளவியலாளர் எலிகளை வைத்து இதைச் சோதித்தார். பக்கத்தில் கிண்ணம் நிறைய உணவு இருந்தும் எலிகள் பலவும் நெம்புகோலை அழுத்தி உணவு பெறவே விரும்பின. பின்னர் கிளிகள் உட்படப் பல உயிரினங்களில் இதே போக்குக் காணப்பட்டது. 2003இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் இளம் அமேசன் கிளிகளின் கூடுகளில் உணவு தேடும் பொருட்களை வைத்துப் பார்த்தார்கள். அத்தகைய கூடுகளில் இறகு பிடுங்கும் பழக்கம் தடுக்கப்பட்டது. ஏற்கனவே பிடுங்கியவற்றிலும் அது குறைந்தது.

நம் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுபவை பெரும்பாலும் அவுஸ்திரேலியாவின் பட்ஜிகள். புல்வெளியில் இறங்கித் தரையில் விதை பொறுக்குவது அவற்றின் இயல்பு. ஆகவே ஒரு தட்டத்தில் புல்லையும் காய்ந்த இலையையும் பரப்பி அதற்குள் விதையைத் தூவினாலே போதும். தினைக்கதிர், குரக்கன் கதிர் ஆகியவற்றை முழுதாகத் தொங்கவிடலாம். சூரியகாந்தி விதை கொழுப்பு மிகுந்தது. அதைப் பரிசாக மட்டும் கொடுக்க வேண்டும்.

உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவைச் சேர்ந்தவை. அவற்றில் செம்முகமுடைய வகையின் பெட்டையிடம் ஒரு துண்டு ஓலையைக் கொடுத்துப் பாருங்கள். அதை அலகால் சீராகக் கீறி, கீற்றுகளைத் தன் முதுகின் பின்புற இறகுகளுக்குள் செருகிக்கொள்ளும். கூடு கட்ட அது பொருள் சுமக்கும் முறை அது.

தொடங்கும் முறை

ஒரே நாளில் பாத்திரத்தை எடுத்துவிடக் கூடாது. 30 - 40 கிராம் நிறையுள்ள பட்ஜிக்கு ஒரு நாள் பட்டினியே உயிராபத்து. முதலில் பாத்திரத்து உணவின் மேல் ஒரு இலையை மூடிவையுங்கள். அடுத்து சிறிதளவு உணவைக் கடுதாசியில் தளர்வாகச் சுற்றி, பறவையின் கண்முன்னே வையுங்கள். அது திறக்கப் பழகிய பின் குட்டான், துளையிட்ட சிரட்டை, சோள மடல் முடிச்சு என்று படிப்படியாகக் கடினமாக்கலாம். சமையலறைத் தராசில் கிழமைக்கு இருமுறை நிறுத்து எழுதிவையுங்கள். நிறை குறைந்தால் ஒரு படி பின்வாங்குங்கள்.

முயலுக்கு, அச்சிடாத அட்டைக் குழாய்க்குள் உலர்புல்லை இறுக்கி அடைத்து நடுவில் ஒரு செவ்வரத்தை இலையை மறைத்து வைக்கலாம். ஹம்ஸ்டருக்கு உணவைப் பாத்திரத்தில் வைக்காமல் படுக்கைத் தூளுக்குள் தூவிவிடலாம். கன்னப் பையில் சேமித்து ஒளித்து வைப்பது அதன் இயல்பு என்பதால், ஒட்டும் பண்டமும் கூரான துண்டும் அதற்கு ஆகாது.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

முயலோ கினிப்பன்றியோ 12 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால், அல்லது புழுக்கை போடுவது நின்றால், குடல் இயக்கம் நிற்கத் தொடங்கியிருக்கலாம். விடியும்வரை பார்ப்போம் என்று விட்டால் தப்புவது கடினம். எச்சில் வடிதல், கண்ணீர் வழிதல், உணவை எடுத்துக் கீழே போடுதல் ஆகியவை பல் கோளாற்றின் குறிகள். வீட்டிலே நகவெட்டியால் பல்லை வெட்ட முயன்றால் பல் வேர்வரை வெடிக்கும். பட்ஜியின் அலகு வழமைக்கு மீறி நீண்டால் அதற்குக் காரணம் கொறிக்கப் பொருள் இல்லாமை மட்டுமல்ல. ஈரல் நோயோ உண்ணியோ இருக்கலாம், வைத்தியர் பார்க்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. இங்கே சொன்னவை வீட்டில் இனப்பெருக்கம் செய்யப்பட்ட பிராணிகளுக்கானவை. பனம் பொந்திலிருந்து எடுத்த கிளிக்குஞ்சுக்கு எத்தனை குட்டான் கட்டித் தொங்கவிட்டாலும் அது இழந்த காட்டுக்கு ஈடாகாது. காட்டுப் பறவைகளைப் பிடிப்பதை 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அந்தக் குஞ்சைப் பொந்திலேயே விட்டுவிடுவதுதான் அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி.