டிரம்மிலிருந்து டிஸ்க்குக்கு: ஒரு பிரேக்கின் கதை

பழைய காருக்கு டிஸ்க் பிரேக் மாட்ட முன்சக்கரங்களுக்கு இரண்டு தட்டும் அவற்றைக் கவ்வ இரண்டு கேலிப்பரும் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி சொல்கிறது நண்பர்களே!

1902-லேயே இங்கிலாந்தின் பிரடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆனாலும் பல பத்தாண்டுகள் சாலையை ஆண்டது டிரம் பிரேக்தான். காரணம், சுழலும் டிரம்மே ஒரு ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்கிக்கொள்ளும். லேசாக மிதித்தாலே போதும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. ஆனால் டிரம்முக்குள் சூடு அடைபட்டால் பிடிப்பு குறைந்துவிடும். டிஸ்க் வெளிக்காற்றில் சீக்கிரம் ஆறிவிடும்.

1953 லே மான் பந்தயத்தில் இது உலகுக்கே தெரிந்தது. டன்லப் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் சி-டைப்பில் டோனி ரோல்ட்டும் டங்கன் ஹாமில்டனும் வென்றார்கள். அங்கே சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டியது அதுவே முதல்முறை. 1955-ல் வந்த சித்ரோன் டிஎஸ் குடும்பக் காரிலும் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்தது.

1965 போர்டு மஸ்டாங்கைப் பாருங்கள். நான்கு சக்கரத்திலும் டிரம். கூடுதல் பணம் கொடுத்தால் முன்னால் டிஸ்க். டிரம் வண்டியை இன்று மாற்றுபவர் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

முதலில் மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான சிலிண்டரில் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தைக் குழாயில் தேக்கிவைக்கும் வால்வு இருக்கும். அது டிஸ்க் குழாயிலும் இருந்தால் பேட் விலகாமல் உரசிக்கொண்டே சூடாகும். சிலிண்டரின் விட்டத்தை 1 அங்குலத்திலிருந்து 7/8 ஆக்கினால் அதே மிதிக்கு சுமார் 30 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். ஆனால் பெடல் இன்னும் கீழே இறங்கும். பெடல் தரையைத் தொட்டுவிட்டால்?

அடுத்தது, பின்சக்கர அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு. பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது. பின்சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும்.

மூன்றாவது, இரட்டை அறை சிலிண்டர். பழைய ஒற்றை அறையில் ஒரு குழாய் வெடித்தாலே நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு! அதனால்தான் அமெரிக்கா 1968 முதல் புதிய கார்களுக்கு இரட்டை அமைப்பைக் கட்டாயமாக்கியது.

ஆகவே கேலிப்பர், சிலிண்டர், வால்வு எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தும் தொகுப்பாக வாங்குவதே நல்லது. கேலிப்பர் உள்ளே இடிக்காத அளவு சக்கரம் பெரிதா என்பதையும் முன்பே அளந்துவிடுங்கள். மாட்டிய பிறகு முதல் ஓட்டம் காலி மைதானத்தில், மெதுவாக!