தென்புறநகரில் புயற்காயமும் மருத்துவமும்

தாம்பரத்தில் எழுந்த முதல் பெரிய மருத்துவமனை நுரையீரலுக்கானது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் இல்லம் நடத்திய டாக்டர் டேவிட் சவுரிமுத்து, நல்ல காற்றை நம்பி 1928-இல் இங்கே சானடோரியம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை ஏற்றது. வட்டாரத்தார் அதை ‘டி.பி. ஆஸ்பத்திரி’ என்பார்கள். அடிபட்டவர்கள் குரோம்பேட்டை அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தார்கள். தலைக்காயம் என்றால் வடக்கே சென்னை ஜி.எச்., அல்லது தெற்கே 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி. தாம்பரத்திலிருந்து இரண்டும் ஏறத்தாழ 30 கி.மீ. இரு பக்கமும் ஜி.எஸ்.டி. சாலையையே நம்பியாக வேண்டியிருந்தது. புயல் முதலில் அடைப்பதும் சாலைகளைத்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையருகே கரையைக் கடந்தது. 1994-க்குப் பிறகு நகரைத் தாக்கிய புயல்களில் இதுவே கடுமையானது. காற்று மணிக்கு 110 கி.மீ.க்கு மேல் வீசியது. மின்சார ரயில்கள் நின்றன, மீனம்பாக்கம் விமான நிலையம் மூடப்பட்டது, வண்டலூர் உயிரியல் பூங்காவில் மட்டும் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. புயலின் கண் கடக்கும்போது காற்று சற்று ஓயும். அதை முடிவென்று நம்பி வெளியே வருபவர்கள்மீது எதிர்த்திசைக் காற்று பாயும். ஏற்கெனவே வேர் தளர்ந்த மரம் அப்போதுதான் விழும்.

காற்று அடங்கிய பிறகும் காயங்கள் நிற்பதில்லை. கூரையில் ஷீட் மாற்ற ஏறி வழுக்கி விழுவது, மரம் அறுக்கும் ரம்பம் காலில் பாய்வது, அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிப்பது என்று பல நாட்களுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். பறந்து வந்த தகர ஷீட் வெட்டிய காயம் மேலுக்குச் சிறிய கீறலாகத் தெரியும். உள்ளே மண்ணும் துருவும் மரச்செதிலும் புதைந்திருக்கும். அதை அப்படியே மூடித் தையல் போட்டால் சீழ் உள்ளேயே கட்டும். உப்புநீரால் நிறையக் கழுவி, செத்த தசையை வெட்டி அகற்றி, சில நாள் திறந்தே வைத்திருந்து பிறகு தைப்பதே சரியான முறை, கூடவே டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி. 2011-இல் அமெரிக்காவின் ஜாப்ளின் நகரைச் சூறாவளி அடித்தபோது, மண் புகுந்த காயங்களில் பூஞ்சை பரவி 13 பேர் பாதிக்கப்பட்டனர், ஐவர் இறந்தனர்.

வெள்ளம் தரும் காயம் வேறு வகை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, அடையாற்று வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. இத்தகைய வெள்ளத்தில் தண்ணீருக்குள் கண்ணாடியும் ஆணியும் கண்ணுக்குத் தெரியாது; வளையிழந்த பாம்புகள் வீட்டுக்குள் ஏறும். பாம்புக்கடிக்கு மருந்து விஷமுறிவு ஊசி ஒன்றே. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள வடநெம்மேலியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. நாடு முழுதும் எத்தனையோ உயிர்கள் இந்த இருளர்களின் கைத்திறனுக்குக் கடன்பட்டவை.

2008-இல் வந்த 108 ஆம்புலன்ஸ் நோயாளியை ஏற்றிச் செல்லும் நேரத்தைக் குறைத்தது. தூரம் அப்படியே இருந்தது. 2025-இல் தாம்பரத்தில் அரசுத் தலைமை மருத்துவமனை திறக்கப்பட்ட பிறகே அதுவும் குறையத் தொடங்கியிருக்கிறது.