குடலும் கை நடுக்கமும்

கை நடுக்கத்துக்கும் வயித்துக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. 1817-லயே லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன், நடுக்குவாதக்காரர்களுக்கு மலச்சிக்கலும் இருப்பதை எழுதி வைத்தார்.

பிறகு பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் இருந்த மெச்னிகோவ். குடல் கிருமிகளின் நஞ்சுதான் மூப்பைக் கொண்டு வருதுன்னு நம்பினார். பல்கேரிய விவசாயிகள் மாதிரி புளிச்ச பாலைத் தினமும் குடித்தார். நோய் எதிர்ப்பு ஆய்வுக்காக 1908-ல் நோபல் பரிசு வாங்கிய அவரும் 1916-ல் 71 வயசில் போய்ச் சேர்ந்தார்.

2016-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை. நடுக்குவாதம் வரக்கூடிய எலிகளுக்கு நோயாளிகளின் குடல் நுண்ணுயிர்களைக் கொடுத்ததும் அதுகளோட தடுமாற்றம் கூடியது. ஆக, பழைய சந்தேகத்தில் விஷயம் இருக்கு. ஆனா எலியில் கண்டது மனுஷனுக்கு மருந்தாகிடாது.

எங்க ஊர்ல நடுக்கம் உள்ள பெரியவர் ஒருத்தர், மாத்திரையை விட்டுட்டு மோர் மட்டும் குடிக்கப் போறேன்னார். "மோர் குடிங்க பெரியப்பா, டாக்டரைக் கேக்காம மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க"ன்னேன்.