ஆறும் கிணறும் ஒரே நீர்: அமைச்சகங்கள் இணைந்த பிறகும் இணையாத அலுவலகங்கள்

2019 மே மாத இறுதியில் புதிய அரசு பொறுப்பேற்றபோது ஒன்றிய அரசின் இரண்டு அமைச்சகங்கள் ஒன்றாயின. நீர்வளம், நதி மேம்பாடு, கங்கைப் புனரமைப்பு ஆகியவற்றைக் கவனித்துவந்த அமைச்சகமும் குடிநீர், துப்புரவு அமைச்சகமும் சேர்ந்து ஜல் சக்தி அமைச்சகம் ஆயின. சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் நீர் கொண்டுவர நேர்ந்த ஆண்டு அது. அப்படிப்பட்ட நேரத்தில் நீரைப் பற்றிய பொறுப்புகள் ஒரே அமைச்சரிடம் சேர்ந்ததை நாடு வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் அந்த அமைச்சருக்குக் கீழே நீரை அளந்து, கணக்கிட்டு, திட்டங்களைத் தொழில்நுட்ப நோக்கில் ஆராயும் அலுவலகங்கள் எப்படிப் பிரிந்து கிடந்தனவோ அப்படியே தொடர்ந்தன. ஆற்று நீரைப் பார்க்க ஓர் அமைப்பு, கிணற்று நீரைப் பார்க்க வேறோர் அமைப்பு. அரசு அலுவலகங்களை இணைப்பது கணக்குப் போடும் மேசைவரை போய்ச் சேர வேண்டும். அமைச்சரின் அறையோடு நின்றுவிடும் இணைப்பு, தீர்க்க வந்த சிக்கலைத் தீர்க்காமலேயே விட்டுவிடும் என்பதே இக்கட்டுரையின் வாதம். இந்திய நீர் நிர்வாகத்தைவிட இதற்குத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்தப் பிரிவினை யாருடைய பிழையாலும் வந்ததன்று. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அம்பேத்கர் இருந்தபோது, 1945 ஏப்ரலில் மத்திய நீர்வழி, பாசன, கப்பல் போக்குவரத்து ஆணையம் உருவாயிற்று. ஏ. என். கோஸ்லா அதன் முதல் தலைவர். ஓர் ஆற்றை அதன் படுகை முழுவதையும் ஒன்றாக வைத்துத் திட்டமிட வேண்டும் என்ற எண்ணம் அதன் பின்னணியில் இருந்தது. 1951இல் அது மின்சார ஆணையத்தோடு இணைந்து மத்திய நீர், மின் ஆணையம் ஆனது. 1974இல் மின்சாரம் மீண்டும் பிரிந்துபோக, இன்றைய மத்திய நீர் ஆணையம் எஞ்சியது. நிலத்தடி நீருக்கான அமைப்பு வேறு வீட்டில் பிறந்தது. 1954இல் வேளாண் அமைச்சகத்தின் கீழ் சோதனைக் குழாய்க் கிணறுகளைத் தோண்டத் தொடங்கிய அமைப்பு 1970இல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் என்று பெயர் மாறியது. 1972இல் இந்தியப் புவியியல் ஆய்வு மையத்தின் நிலத்தடி நீர்ப் பிரிவும் அதனோடு சேர்ந்தது. ஒன்று அணை கட்டும் பொறியாளர்களின் வீடு, மற்றது பாறையைப் படிக்கும் நிலவியலாளர்களின் வீடு. பக்ரா நங்கலும் ஹிராகுட்டும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், நிலத்தடியில் எங்கே நீர் இருக்கிறது என்று தேடிப் பார்ப்பதே பெரிய வேலையாக இருந்த காலத்தில், இந்தப் பாகுபாடு நியாயமாகவே தோன்றியிருக்கும்.

பிறகு நிலைமை மாறியது. பசுமைப் புரட்சிக்குப் பின் நாட்டின் பாசனம் மெல்ல மெல்லக் கால்வாயை விட்டு மோட்டாருக்கு இடம்பெயர்ந்தது. நாற்பது ஆண்டுகளில் நிகரப் பாசனப் பரப்பில் கூடுதலாகச் சேர்ந்ததில் ஏறத்தாழ 84 விழுக்காடு நிலத்தடி நீரால் வந்தது என்று, நீர் நிர்வாக அமைப்புகளைச் சீரமைப்பது பற்றி ஆராய்ந்த மிஹிர் ஷா குழு 2016இல் சுட்டிக்காட்டியது. இன்று இந்தியா ஆண்டுக்குச் சுமார் 240 பில்லியன் கன மீட்டர் நீரை மண்ணுக்கடியிலிருந்து இறைக்கிறது. உலகில் வேறெந்த நாடும் இவ்வளவு எடுப்பதில்லை. அதில் பெரும்பகுதி வயலுக்குப் போகிறது. இப்படி எடுக்கப்படும் நீர் ஆற்றோடு தொடர்பில்லாத தனிச் சேமிப்பு அல்ல. இமயத்துப் பனியை நம்ப முடியாத தீபகற்ப ஆறுகளில் மழை நின்ற பிறகும் ஓடுவது, இரு கரை நிலங்களிலிருந்தும் கசிந்து வரும் ஊற்று நீரே. பாலாற்றங்கரை உழவர்களுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆற்று மணலில் ஊற்றுக்கால்களை வெட்டி, மணலுக்குள் ஓடும் நீரை வயலுக்குக் கொண்டுவந்து தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த ஊர்கள் அவை. கரையோரத்தில் ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நீர்மட்டம் ஆற்றுப்படுகைக்குக் கீழே இறங்கிவிட்டால், ஆறு நிலத்திடமிருந்து நீரைப் பெறுவதற்குப் பதிலாக நிலத்துக்குத் தன் நீரை இழக்கத் தொடங்கும். கீழே உள்ள அணைக்கு வரத்துக் குறையும். வரத்தை அளக்கும் அலுவலகம் மழைக் கணக்கைப் புரட்டும்; காரணமோ மற்றோர் அலுவலகத்தின் கிணற்றுப் பதிவேட்டில் இருக்கும். ஏரியில் நீர் நின்றால் ஆயக்கட்டுக் கிணறுகள் ஊறும் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். தலைநகரில் அந்த இரண்டையும் ஒரே தாளில் எழுத ஆள் இல்லை.

இதன் விலையைத் தமிழ்நாடு கொடுத்திருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் வழங்கிய இறுதித் தீர்ப்பில் மொத்தம் 740 டி.எம்.சி. நீரைப் பங்கிட்டபோது நிலத்தடி நீரைக் கணக்கில் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டுக்கு 419 டி.எம்.சி. ஒதுக்கியது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் பங்கைத் திருத்தியது. டெல்டாவில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் உண்டு என்பதைக் கணக்கில் எடுத்து அதில் 10 டி.எம்.சி.யைக் கழித்தது, பெங்களூருவின் குடிநீருக்காக மேலும் 4.75 டி.எம்.சி. குறைத்தது. தமிழ்நாட்டின் பங்கு 404.25 ஆனது; மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் வந்துசேர வேண்டிய அளவு 192இலிருந்து 177.25 ஆகச் சுருங்கியது. ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற நீதிமன்றத்தின் கொள்கை சரியானதே. ஆனால் சேர்த்துப் பார்ப்பது என்றால் முழுமையாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெல்டாவின் நிலத்தடி நீரில் எவ்வளவு மழையால் ஊறியது, எவ்வளவு காவிரி வாய்க்கால்களில் ஓடிக் கசிந்தது? கசிந்த நீரை ஆற்றுக் கணக்கிலும் வைத்து, நிலத்தடிக் கணக்கிலும் வைத்தால் ஒரே நீரை இருமுறை எண்ணியதாகும். ஆறு வற்றும் ஆண்டில் அந்தக் கிணறுகள் எவ்வளவு தாங்கும்? மேல்படுகையில் கிணறுகள் இறைப்பதால் ஆற்றுக்கு எவ்வளவு இழப்பு? இந்தக் கேள்விகளுக்கு எல்லா மாநிலங்களும் ஏற்கும் விடையைத் தரக்கூடிய ஒரே தேசிய அமைப்பு இருந்திருந்தால், வழக்கு இன்னும் உறுதியான தரையில் நடந்திருக்கும்.

மிஹிர் ஷா குழு இதைத்தான் சொன்னது. மத்திய நீர் ஆணையத்தையும் மத்திய நிலத்தடி நீர் வாரியத்தையும் இணைத்து ஒரே தேசிய நீர் ஆணையம் அமைக்க வேண்டும். அதில் பொறியாளர்களோடு நிலவியலாளர்கள், சூழலியலாளர்கள், சமூக அறிவியலாளர்களும் இருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. விடுதலைக்குப் பிறகு பெரிய, நடுத்தரப் பாசனத் திட்டங்களுக்கு 4 லட்சம் கோடி ரூபாய் அளவில் செலவிட்டு 11.3 கோடி ஹெக்டேருக்குப் பாசன வசதி உருவாக்கியிருக்கிறோம், ஆனால் 8.9 கோடி ஹெக்டேரே நீர் பெறுகிறது என்ற அதன் கணக்கு ஒருமுறை படித்தால் மறக்காது. கட்டுவதற்கான அமைப்பு நம்மிடம் இருந்தது. கட்டியதை வயல்வரை கொண்டுசேர்க்கும் அமைப்பு இல்லை. பரிந்துரைக்கு நீர் ஆணையப் பொறியாளர்கள் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஜல் சக்தி அமைச்சகம் இரண்டு அமைச்சகங்களை இணைத்தது. இந்த இரண்டு அலுவலகங்களை இணைக்கவில்லை. புதிய அமைச்சகத்துக்குள்ளேயே நீர்வளத்துக்கு ஒரு துறை, குடிநீருக்கு ஒரு துறை, தனித்தனிச் செயலாளர்கள் என்பதே நடைமுறையாயிற்று.

மேலே இணைப்பது ஏன் எளிது, கீழே இணைப்பது ஏன் கடினம் என்பதைப் பார்க்க வேண்டும். அமைச்சகங்களைச் சேர்க்க, அரசின் பணி ஒதுக்கீட்டு விதிகளைத் திருத்தும் ஓர் ஆணை போதும். இரண்டு தொழில்நுட்ப அலுவலகங்களைச் சேர்ப்பதென்றால் இரண்டு பணித்தொகுதிகளின் ஆளெடுப்பு விதிகள், பணிமூப்பு, பதவி உயர்வு, யார் யாருக்கு மேலதிகாரி என்ற கேள்விகள் அனைத்தையும் தொட வேண்டும். அதனால் செய்தித்தாளில் இடம்பெறும் இணைப்பு நடந்துவிடுகிறது. கோப்பின் வழியை மாற்றும் இணைப்பு தள்ளிப்போகிறது. மேல்மட்ட இணைப்பால் பயனே இல்லை என்று சொல்வது நேர்மையாகாது. 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் இயக்கம் அறிவிக்கப்பட்டபோது ஊரகத்தில் 3.23 கோடி வீடுகளில் மட்டுமே குழாய் இருந்தது. பிறகு அந்த எண்ணிக்கை 15 கோடியைத் தாண்டியது. இது பெரிய சாதனை. எனினும் அந்தக் குழாய்களில் பலவற்றுக்கு நீர் வருவது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. அதே நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்துதான் பக்கத்து வயல்களும் இறைக்கின்றன. குழாய் பதிக்கும் துறையும் படுகையைக் கணக்கிடும் வாரியமும் ஒரே அமைச்சரின் கீழ் இருப்பதால் மட்டும் கோடையில் அந்தக் குழாயில் நீர் வந்துவிடாது.

இணைப்புக்கு எதிரான வாதங்களில் ஒன்று மிகவும் கனமானது. பெரிய அமைப்பும் சிறிய அமைப்பும் சேர்ந்தால் சிறியதன் அறிவு கரைந்துபோகும் என்பது அது. அமெரிக்கா 2003இல் 22 அமைப்புகளைச் சேர்த்து உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையை உருவாக்கியபோது இதுதான் நடந்தது. அதுவரை தன்னுரிமையோடு இயங்கிய பேரிடர் மேலாண்மை முகமை, பயங்கரவாதத்தையே முதன்மையாகக் கருதிய பெருந்துறைக்குள் அடங்கியது. 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபோது அதன் தளர்ச்சியை உலகமே பார்த்தது. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றி முகமையின் அதிகாரங்களை மீட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. நீர் ஆணையப் பொறியாளர்களோடு நிலவியலாளர்களைச் சேர்த்தால் அவர்களும் அணைத் திட்டங்களுக்கு அடிக்குறிப்பு எழுதுபவர்களாகிவிட மாட்டார்களா? அந்த ஆபத்து உண்மையானது. ஆனால் அமெரிக்க இணைப்பு நோக்கத்தால் வேறுபட்டவற்றை ஒரே கூரையின் கீழ் அடைத்தது. புயல் மீட்பும் எல்லைக் காவலும் ஒரே பொருளைப் பற்றிய வேலைகள் அல்ல. ஆற்று நீரும் கிணற்று நீரும் ஒரே பொருள். அதோடு, பழைய இரு அமைப்புகளையும் அப்படியே ஒட்டவைக்காமல், பாசனச் சீர்திருத்தம், நதி மீட்பு, நிலத்தடி நீர்ப்படுகை வரைபடம், நீரின் தரம், நீர்த் தரவு எனப் பணிகளின் அடிப்படையில் பிரிவுகளை அமைக்கக் குழு சொன்னது. தலைமைப் பதவிகள் எந்த ஒரு பணித்தொகுதிக்கும் உரியவை அல்ல என்று விதியில் எழுதிவிட்டால் சிறுபான்மை அறிவுக்கு இடம் உறுதிப்படும்.

இன்னொரு மறுப்பு மாநிலங்களிடமிருந்து வரும். நீர் மாநிலப் பட்டியலின் 17ஆம் பதிவில் இருக்கிறது. மாநிலங்களுக்கிடையே ஓடும் ஆறுகளை ஒழுங்குபடுத்துவது மட்டுமே ஒன்றியப் பட்டியலின் 56ஆம் பதிவுக்குள் வரும். டெல்லியில் வலிமையான ஆணையம் ஒன்று எழுந்தால் மாநில உரிமை பறிபோகாதா? 2021இல் அணைப் பாதுகாப்புச் சட்டத்தைத் தமிழ்நாடு எதிர்த்த வரலாறு தெரிந்தவர்கள் இந்த அச்சத்தைத் தள்ளிவிட மாட்டார்கள். ஆயினும் இணைக்கச் சொல்லும் இரண்டு அலுவலகங்களும் ஏற்கெனவே ஒன்றிய அரசின் அலுவலகங்கள். அவை சேர்வதால் புதிய அதிகாரம் எதுவும் பிறக்காது. பிறப்பது ஒரே கணக்கு. கணக்கு இல்லாதபோது வழக்குக்குப் போகும் மாநிலம்தான் நட்டப்படுகிறது என்பதைக் காவிரி காட்டிவிட்டது.

மாநிலமும் தன் வீட்டைப் பார்க்க வேண்டும். 2003இல் தமிழ்நாடு நிறைவேற்றிய நிலத்தடி நீர் மேம்பாட்டு, மேலாண்மைச் சட்டம் 2013இல் திரும்பப் பெறப்பட்டது. தன் நிலத்துக்கடியில் உள்ள நீரை எடுப்பது நில உடைமையாளரின் உரிமை என்ற 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் பார்வையே நடைமுறையில் ஆள்கிறது. 1990 முதல் உழவர் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் இலவசம். அதை முடிவுசெய்வது வேறு துறை. அப்படியானால் மின்சாரத்தையும் நெல் கொள்முதலையும்கூட நீரோடு இணைக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. அவை வேறு நோக்கங்களுக்காக இயங்குபவை. அவற்றோடு கலந்துபேசி முடிவெடுத்தால் போதும். ஒரே பொருளை அளக்கும் இரண்டு கைகளைத்தான் ஒன்றாக்க வேண்டும். 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறையைத் தனியாகப் பிரித்த தமிழ்நாட்டில், நிலத்தடி நீரையும் மேற்பரப்பு நீரையும் சேர்த்துப் பதிவுசெய்யும் மாநிலத் தரவு மையம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. டெல்லி தயங்கும் இணைப்பின் வித்து அங்கே இருக்கிறது. அந்த மையத்துக்கு ஆளும் பணமும் தந்து, பாலாறு, காவிரி டெல்டா போன்ற படுகைகளுக்கு ஆற்று வரத்து, ஏரிச் சேமிப்பு, கிணற்று இறைப்பு மூன்றும் ஒரே பட்டியலில் வரும் ஆண்டறிக்கையைத் தயாரிக்கச் செய்யலாம். 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2033இல் காவிரிப் பங்கீட்டை மீண்டும் பேச நேர்ந்தால், டெல்டாவின் அந்த 10 டி.எம்.சி. எங்கிருந்து ஊறியது என்பதற்குத் தமிழ்நாடு நீண்ட கால அளவீடுகளோடு விடை சொல்ல வேண்டியிருக்கும். அந்த அளவீடுகளை எடுக்கத் தொடங்க வேண்டிய காலம் இது.