ரயில் போன தடத்தில் சைக்கிள்: மிசோரியின் கேட்டி பாதை

இந்த எபிசோட்ல ஒரு சைக்கிள் பாதையோட வரலாறு. விடியக்காலையில ஈ.சி.ஆர் பக்கம் சைக்கிளை எடுத்துட்டுப் போறவங்க, பின்னாடி லாரி வருதான்னு ஒரு காதை எப்பவும் ரோட்டுலயே வச்சிருக்கவங்க, கொஞ்சம் மனசைத் திடப்படுத்திக்கிட்டுக் கேளுங்க. பொறாமை வரும்.

அமெரிக்காவின் நடுவில் இருக்கிற மிசோரி மாநிலத்தில் கேட்டி ட்ரெயில்னு ஒரு பாதை. கிழக்கே மேச்சன்ஸ், மேற்கே கிளின்டன். நீளம் சுமார் 386 கிலோமீட்டர். தார் கிடையாது, சுண்ணாம்புக்கல்லைப் பொடியா உடைச்சுப் பரப்பி, அழுத்திவிட்டிருக்காங்க. குறுக்கே சாலை வெட்டுற இடங்களைத் தவிர கார், லாரி எதையும் பார்க்க முடியாது. பாதிக்கு மேல மிசோரி ஆற்றை ஒட்டியே போகுது. ஒரு பக்கம் மக்காச்சோளமும் சோயாவும் விளையற ஆற்றுப்படுகை, இன்னொரு பக்கம் செங்குத்தான வெள்ளைப் பாறை. நடுவுல ரோச்போர்ட், ஹார்ட்ஸ்பர்க், அகஸ்டா மாதிரி சின்னச் சின்ன ஊர்கள்.

ஓட்டினவங்க எல்லாரும் சொல்ற விஷயம், மேடே தெரியாது. அதுக்குக் காரணம் நீராவி எஞ்சின். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்துல ஏறும்போது பிடிப்பு ரொம்பக் கம்மி. நூத்துக்கு ரெண்டு அடி ஏற்றம்னாலே சரக்கு ரயில் திணறும். அதனால பொறியாளர்கள் மலையைச் சுத்திப் போனாங்க, பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கினாங்க, வழியே இல்லைன்னா பாறையைக் குடைஞ்சாங்க. ரோச்போர்ட்ல 1893-ல் கட்டின சுரங்கம் ஒண்ணு இருக்கு, நீளம் 243 அடி. இன்னிக்கு அதுக்குள்ள சைக்கிள் போகுது. எஞ்சினுக்காகப் பட்ட பாடு, நம்ம முழங்காலுக்கு வந்து சேர்ந்த லாபம்.

அந்த ரயில்வே பேரு மிசோரி-கான்சஸ்-டெக்சஸ். 1870-ல் அந்தப் பேரை வச்சாங்க. 1872-ல் டெக்சஸ் வரைக்கும் தண்டவாளம் போட்டாச்சு. சுருக்கமா கே-டி, அது பேச்சுல கேட்டி ஆயிடுச்சு. (நம்ம ஊர்ல 'கேடி'ன்னு சுருக்கினா வேற அர்த்தம், அதை விடுங்க.) ஆற்றோரப் பாதை போட்டது 1890-களில். அதுக்கு ரொம்ப முன்னாடியே அந்தக் கரையில ஜெர்மானியக் குடியேறிகள் வந்து உட்கார்ந்துட்டாங்க. 1820-களில் காட்ஃப்ரீட் டூடன்ங்கிற ஜெர்மானியர் அங்க சில வருஷம் இருந்துட்டுப் போய், 1829-ல் ஊர்ல ஒரு புத்தகம் போட்டார். அதைப் படிச்சுட்டு ஆயிரக்கணக்கானவங்க கிளம்பினாங்க. இன்னிக்கும் அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டங்கள் இருக்கிறது அவங்களால. அதுக்கும் முன்னாடி? மிசோரியின் பெரும்பகுதி நிலத்தை 1808 ஒப்பந்தத்துல ஓசேஜ் பழங்குடிகள் விட்டுக்கொடுக்க வேண்டியதாச்சு. 'இது யார் நிலம்'ங்கிற கேள்வி இந்தக் கதையில மறுபடி வரப்போகுது, அதனால இதைச் சொல்லி வச்சுட்டேன்.

இருபதாம் நூற்றாண்டுல லாரியும் நெடுஞ்சாலையும் ரயில் கம்பெனிகளோட வருமானத்தை அரிச்சுச்சு. நாடு முழுக்க வழித்தடங்களை மூட ஆரம்பிச்சாங்க. 1986 அக்டோபர்ல ஆற்றுல பெரிய வெள்ளம். தண்டவாளம் சேதமாச்சு. செடாலியாவுக்கும் மேச்சன்ஸுக்கும் நடுவுல இனிமே ரயில் விடப்போறதில்லைன்னு கேட்டி முடிவு பண்ணிடுச்சு.

இங்கதான் ஒரு விசித்திரமான சட்டம் உள்ள வருது. அந்தக் காலத்துல ரயில்வே பல இடங்கள்ல நிலத்தை முழுசா வாங்கலை. ரயில் ஓட்டுறதுக்கு வழிப் பாத்தியம் மட்டும்தான் வாங்கினாங்க. ரயில் நின்னா பாத்தியம் செத்துடும், நிலம் பக்கத்து விவசாயிக்கே திரும்பிடும். அப்படித் திரும்பிட்டா நூறு வருஷமா துண்டாகாம இருந்த தடம் நூறு துண்டா போயிடும். இதைத் தடுக்க 1983-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வழி கண்டுபிடிச்சுது: என்னிக்காவது ரயில் திரும்ப வரலாம், அதுவரைக்கும் தடத்தைப் பத்திரமா வச்சிருக்கோம், இடைப்பட்ட காலத்துல மக்கள் நடக்கட்டும், சைக்கிள் ஓட்டட்டும். அப்போ அந்த வழி சட்டப்படி 'கைவிடப்பட்டது' ஆகாது. பாத்தியமும் சாகாது. தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துட்டு, ரயில் வரும்னு காத்திருக்கிறதா காகிதத்துல எழுதி வைக்கிறது!

மிசோரி அரசு இதைப் பிடிச்சுக்கிட்டுது. பணம் கொடுத்தவர் டெட் ஜோன்ஸ். சின்ன ஊர்கள்ல கிளை திறந்து திறந்தே எட்வர்ட் ஜோன்ஸ் முதலீட்டு நிறுவனத்தைப் பெருசாக்கினவர். விஸ்கான்சின்ல எல்ராய்-ஸ்பார்ட்டான்னு ஒரு பழைய ரயில் தடத்துல சைக்கிள் ஓட்டிப் பார்த்து, நம்ம மாநிலத்துக்கும் இது வேணும்னு ஆசைப்பட்டார். தடத்தை வாங்க அவரும் மனைவி பேட்டும் 2 லட்சம் டாலர், பாதை போட இன்னும் 20 லட்சம் டாலர் கொடுத்தாங்க.

விவசாயிகள் கொதிச்சுப் போனாங்க. எங்க தாத்தா ரயிலுக்குத்தான் இடம் கொடுத்தார், ஊர் பேர் தெரியாதவங்க எங்க வீட்டுப் பின்பக்கம் சைக்கிள்ல போறதுக்கு இல்லைங்கிறது அவங்க வாதம். இந்த மாதிரிக் கதைகள்ல வழக்கமா விவசாயியை முன்னேற்றத்துக்குக் குறுக்க நிக்கிற ஆளா காட்டிடுவாங்க. எனக்கு அது ஒப்பலை. பத்திரத்துல என்ன எழுதியிருக்கோ அதைத்தான் அவங்க கேட்டாங்க.

1990 பிப்ரவரியில, வெர்மான்ட் மாநிலத்துத் தம்பதி ஒருத்தர் போட்ட வழக்குல உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிச்சு: இந்தச் சட்டம் செல்லும், ஆனா நிலம் பறிபோனதா நினைக்கிறவங்க அரசுகிட்ட நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ரெண்டு மாசத்துல, ஏப்ரல்ல, ரோச்போர்ட்ல கேட்டி பாதையோட முதல் பகுதி திறந்தாச்சு. அந்த அக்டோபர்லயே ஜோன்ஸ் இறந்துட்டார். பாதை முழுசானதை அவர் பார்க்கலை.

1993-ல் ஆறு திரும்ப வந்துச்சு. அப்போ போட்டு முடிச்சிருந்த 126 மைல்ல 75 மைல் சேதம். ரயில் கம்பெனி ஓடிப்போன அதே காரணம். ஆனா இந்தத் தடவை எல்லாத்தையும் திரும்பப் போட்டாங்க. பொடிக்கல் பாதையைச் சரிபண்ற செலவு தண்டவாளத்தைச் சரிபண்ற செலவு அளவுக்கு வராது; தவிர, அதுக்குள்ள அந்தப் பாதை வேணும்னு நினைக்கிற ஊர்கள் உருவாயிடுச்சு. 2012-ல் மாநிலப் பூங்காத் துறை வெளியிட்ட ஆய்வுப்படி வருஷத்துக்குச் சுமார் 4 லட்சம் பேர் வர்றாங்க.

காகிதத்துல எழுதின அந்த 'ரயில் திரும்ப வரும்' எவ்வளவு முக்கியம்னு பூன்வில் பாலத்துலதான் தெரிஞ்சுது. மிசோரி ஆற்றின் மேல 1932-ல் முடிச்ச இரும்புப் பாலம். கப்பல் போக நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேல போகும். 1988-ல் கேட்டியை வாங்கின யூனியன் பசிபிக், அதைப் பிரிச்சு இரும்பை வேற பாலத்துக்கு எடுத்துக்க நினைச்சுது. பாலம் போனா தடம் அறுந்துடும். அறுந்த தடத்துல ரயில் எப்படி வரும்? வரமுடியாதுன்னா பாத்தியம் என்ன ஆகும்? பாதையின் ஆதரவாளர்களுக்கு அதுதான் பயம். மாநில அட்டர்னி ஜெனரல் ஜே நிக்சன் வழக்குப் போட்டார், தோத்தார். பிறகு அவரே ஆளுநர் ஆனார். 2010-ல் கம்பெனி மனசு மாறி விட்டுக்கொடுத்துது. 2016-ல் பாலத்தின் ஒரு பகுதியை மக்களுக்குத் திறந்துவிட்டாங்க.

விவசாயிகள் கணக்கு? 2000-ல்தான் ஒரு மத்திய நீதிமன்றம், மிசோரி நிலக்காரர்களோட சொத்தை அரசு எடுத்துக்கிட்டது உண்மை, பணம் கொடுக்கணும்னு சொல்லிச்சு. ரயில் நின்னு 14 வருஷம். பாதை வேணும்ங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்லை. நாளைக்கே கூப்பிட்டாலும் சைக்கிளோட கிளம்பிடுவேன். ஆனா அந்தப் பணத்தை முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

2021-ல் மிசோரி அரசு இன்னொரு கைவிட்ட தடத்தை, ராக் ஐலண்ட் ரயில்வேயோட 144 மைலை, பாதை போட ஏத்துக்கிட்டுது. வின்ட்சர்ல கேட்டியைத் தொடற தடம் அது. அங்கயும் நிலக்காரங்க பத்திரத்தைத் தூக்கிட்டு நீதிமன்றம் போனாங்க. 2023-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் அவங்க பக்கம் தீர்ப்புச் சொல்லிச்சு.